புடாபெஸ்ட்டில் அப்பா அம்மாவோடு நான்கு நாள்: அதிகமா, போதாதா?

தில்லைநகர் தியாகு

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து இங்கே முனிக்குக்கு வருகிறார்கள். "பிராக், வியன்னா, புடாபெஸ்ட் மூன்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடு, எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்" என்று அண்ணன் பிடிவாதமாக நிற்கிறான். தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட அவர்களுக்குத் தெம்பில்லை, எனக்கு விருப்பமில்லை. ஒரே ஊரில் தங்கி, அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பொழுதுபோக்குகிறார்களோ அப்படியே நாமும் போக்கிவிட்டு வரலாம் என்று நினைத்துப் புடாபெஸ்ட்டைப் பிடித்திருக்கிறேன். ரயிலிலேயே போய்விடலாம்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா சுத்த சைவம், முட்டையும் கூடாது. ஆனால் பாட்டு என்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். இவர்களுக்கு நான்கு நாள் தாக்குப்பிடிக்குமா? அந்த வெந்நீர்க் குளங்கள் நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சரிப்படுமா? ராத்திரி நிம்மதியாகத் தூங்க எந்தப் பக்கம் அறை எடுப்பது?

வழிப்போக்கன்

இரண்டு நாள் தாராளம். நாடாளுமன்றம், பசிலிக்கா தேவாலயம், மலை மேல் கோட்டை, ராத்திரி ஒரு படகு. முடிந்தது. மிச்ச நாளை வியன்னாவுக்குக் கொடுங்கள்.

உண்மையைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனாலும் சொல்கிறேன். "மலிவான ஐரோப்பா" என்ற பேச்செல்லாம் பழைய கதை. டான்யூப் ஆற்றின் கிழக்குக் கரையில், பெஸ்ட் பக்கம் ஏழாம் வட்டாரத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்து பாருங்கள், கல்யாணத்துக்கு முந்தைய குடிவிருந்துக் கூட்டம்தான் முட்டிமோதும். 1894-ல் திறந்த நியூயார்க் கஃபே அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு காபிக்கு வரிசையில் நின்று, குடித்து முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் முறைக்கிறார். அதற்குப் பெயர் பொழுதுபோக்கா?

பெஸ்ட் மாணவி

நான் இங்கேதான் முதுகலை படிக்கிறேன். ஹங்கேரி அரசின் உதவித்தொகையில் வந்த நம் பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம்.

வழிப்போக்கன் சார் சொன்ன பட்டியலுக்கு இரண்டு நாள் போதும், சரி. ஆனால் அந்தப் பட்டியல் வெளியூர்க்காரர்களுக்காகப் போட்டது. ஏழாம் வட்டாரச் சத்தமும் அவர்களுக்காகத்தான். இந்த ஊர்க்காரர்கள் சாயங்காலம் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள்: குளத்துக்கு, கச்சேரிக்கு, ஆற்றின் நடுவில் இருக்கும் மார்கிட் தீவுக்கு, வெயில் காலத்தில் பச்சை நிற விடுதலைப் பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கு. அந்தச் சட்டங்களில் ஏறி உட்கார்ந்து கால் தொங்கப்போட்டு அரட்டை அடிப்பது இங்கே ஒரு வழக்கம். இதில் எதற்கும் பெரிய செலவில்லை, குளத்தைத் தவிர.

அண்ணா, அறையைப் பதின்மூன்றாம் வட்டாரத்தில், உய்லிபோத்வாரோஷ் என்னும் பகுதியில் பாருங்கள். மார்கிட் பாலத்தின் பெஸ்ட் பக்க முனை அது. 1930-களில் கட்டிய அடுக்குமாடி வீடுகள், கீழே புத்தகக் கடை, பேக்கரி, ஆற்றை ஒட்டி ஒரு பூங்கா. பாட்டிகள் நாயோடு நடப்பார்கள், பத்து மணிக்கு மேல் தெரு தூங்கிவிடும். 2-ஆம் எண் டிராம் அங்கேயே யாசை மாரி சதுக்கத்தில் கிளம்புகிறது, ஊரைச் சுற்றும் 4, 6 டிராம்களும் அதே இடத்தில் நிற்கும். தீவுக்குப் பாலத்தின் பாதியில் இறங்கி நடந்துவிடலாம். அங்கே பொதுமக்களின் கார்களை விடுவதில்லை, மரமும் பெஞ்சும்தான். உங்கள் அப்பாவுக்கு அது ஒன்றே அரை நாள் ஓடும்.

ஸ்டுட்கார்ட் சிவா

தம்பி தியாகு, நான்கு நாள் காணும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மோசமில்லை. அவசரப்படாமல் ஆறுதலாகப் பாருங்கோ.

நான் போக்குவரத்தைப் பற்றி மட்டும் கதைக்கிறேன். 2-ஆம் டிராமில் தெற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்க யன்னலோரம் இருங்கோ. நாடாளுமன்றம் கடந்ததும் டான்யூப் ஆறு, எதிர்க்கரையில் கோட்டை, பிறகு சங்கிலிப் பாலம். பிறகு பெரிய சந்தை வாசலிலேயே இறங்கலாம். சாதாரண டிக்கெட் காசுதான். வெளிச்சம் போட்ட பிறகு மறுபடியும் ஒருக்கால் ஏறிப் போங்கோ, படகுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

அந்தச் சங்கிலிப் பாலம் 1849-ல் திறந்தது. அதற்கு முதல் இரண்டு கரைக்கும் நடுவே நிரந்தரப் பாலம் இல்லை. புடா, பெஸ்ட், பழைய புடா மூன்றும் சேர்ந்து ஒரே நகரானது 1873-ல்தான். 1945 சனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை பாலத்தைத் தகர்த்தது. திருப்பிக் கட்டி 1949-ல், சரியாக நூறு வருடத்தில் திறந்தார்கள்.

மெட்ரோவில் முதலாம் வழித்தடம் 1896-ல் வந்தது. ஐரோப்பியப் பெருநிலத்தில் அதற்கு முதல் நிலத்தடி மெட்ரோ கிடையாது. சின்ன மஞ்சள் பெட்டிகள், வெள்ளை ஓடு பதித்த நிலையங்கள், வீதிக்குச் சற்றுக் கீழேதான் ஓடுது. படிகள் குறைவு, ஆனால் அநேகமான நிலையங்களில் லிஃப்ட் இல்லை. இன்னொன்று, போகிற திசைக்கு ஒரு வாசல், வருகிற திசைக்கு வீதியின் மறுபக்கம் வேற வாசல். இறங்கின பிறகு பிழையான பக்கம் என்று தெரிந்தால் அப்பா திரும்ப ஏற வேண்டும். மேலேயே பலகையைப் பார்த்து இறங்குங்கோ.

காகித டிக்கெட் வாங்கினால் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட், இல்லாத டிக்கெட் இரண்டும் பரிசோதகருக்கு ஒன்றுதான். ஐந்து பேர் வரை சேர்ந்து போக 24 மணி நேரக் குழு டிக்கெட் ஒன்று இருக்கு. நீங்கள் நாலு பேர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கோ.

தில்லைநகர் தியாகு

நன்றி சிவா அண்ணா. வலப்பக்க ஜன்னல் குறித்துக்கொண்டேன். குளத்தைப் பற்றி யாராவது விவரமாகச் சொல்லுங்களேன். நீச்சல் உடை என்றதுமே அம்மா "நான் வெளியே உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்.

பெஸ்ட் மாணவி

பையைப் பார்த்துக்கொள்ளவும் உள்ளே டிக்கெட் எடுக்க வேண்டும் அண்ணா :)

எதிர்க்கரையான புடா பக்கத்து மலைகள் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, ஆற்றை ஒட்டி ஓடும் நிலப்பிளவு வழியே மேலே வருகிறது. ரோமானியர்களும் குளித்தார்கள், துருக்கியர்களும் குளித்தார்கள். நகரப் பூங்காவில் 1913-ல் திறந்த செச்சேனி குளியல் மாளிகைக்கு ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் ஆழமான கிணற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. மஞ்சள் அரண்மனை மாதிரிக் கட்டடம், நடுவில் திறந்தவெளி, மார்பளவு வெந்நீரில் நின்றபடி சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள். புகைப்படங்களில் பார்ப்பது இதுதான். சனி, ஞாயிறில் போகாதீர்கள், தண்ணீரைவிடத் தலைகள் அதிகம்.

என் ஓட்டு லூகாச் குளத்துக்கு. உங்கள் அறையிலிருந்து பாலத்தைத் தாண்டினால் போதும். வைத்தியத்துக்காக வரும் உள்ளூர்ப் பெரியவர்கள்தான் அங்கே அதிகம். டாக்டர் எழுதிக்கொடுத்தால் குளியலுக்கு அரசுக் காப்பீடு உண்டு. முற்றத்துச் சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பளிங்குப் பலகைகள். மூட்டுவலி தீர்ந்தவர்கள் பல மொழிகளில் நன்றி எழுதிப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் அப்பா அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார், பாருங்கள்.

நடைமுறை: கையில் பட்டை ஒன்று மாட்டுவார்கள், அதுதான் துணிமணி வைக்கும் பெட்டிக்குச் சாவி. துண்டும் ரப்பர் செருப்பும் கொண்டுபோங்கள், அங்கே வாங்கினால் விலை கூடுதல். நீச்சல் அடிக்கும் குளத்தில் தொப்பி கட்டாயம், சும்மா ஊறும் குளத்தில் வேண்டாம். ஒவ்வொரு குளத்தின் பக்கத்திலும் சூடு எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கும். ஒரே மூச்சில் இருபது நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம். இரத்த அழுத்தம் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கெல்லேர்ட் குளம் 2025 அக்டோபரிலிருந்து புதுப்பிப்புக்காக மூடிக் கிடக்கிறது. பழைய வலைப்பதிவுகளைப் பார்த்து அங்கே போய் நிற்காதீர்கள்.

மயிலை ரசிகை

தியாகு, அம்மாவிடம் சொல்லு. உடம்பை மூடும் நீச்சல் உடை கிடைக்கிறது, முழுக்கை, முழங்கால் வரை. அதைப் போட்டுக்கொண்டு நானும் என் ஓரகத்தியும் இறங்கினோம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் என்னைவிட மூத்த ஒரு பாட்டி, கழுத்தளவு தண்ணீரில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நம்மைப் பார்க்க ஏது நேரம்? பருத்திச் சுடிதார், டி-ஷர்ட் மட்டும் வேண்டாம், அதோடு விட மாட்டார்கள்.

அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தால் ருதாஷ் இருக்கிறது. துருக்கியர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதன் பழைய பகுதியில் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு நாள் உண்டு, செவ்வாய் என்று நினைவு. போகுமுன் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள். எட்டுத் தூண்கள் தாங்கும் கவிகை மாடம், அதில் வண்ணக் கண்ணாடி பதித்த சின்னத் துளைகள். நடுவில் எண்கோணக் குளம், நான்கு மூலையிலும் நான்கு சின்னக் குளங்கள், ஒவ்வொன்றும் ஒரு சூடு. 42 டிகிரிக் குளத்தில் காலை வைத்ததும் எடுத்துவிட்டேன். உள்ளே வெளிச்சம் குறைவு, படி வழுக்கும், கைப்பிடியை விடாமல் இறங்கச் சொல்லு.

இப்போது முக்கியமான விஷயம், பாட்டு. இந்த இழையில் இதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லையே!

அந்த்ராஷி சாலையில் 1884-ல் திறந்த ஆபரா என்னும் இசை நாடக மாளிகை. கட்டியவர் மிக்லோஷ் இப்ல். வியன்னா ஆபராவைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று பேரரசர் நிபந்தனை போட்டதாக ஒரு கதை சொல்வார்கள். பெரிதாக இல்லாததே நல்லதாகப் போயிற்று, மேல்மாடியில் உட்கார்ந்தாலும் குரல் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. இசையமைப்பாளர் மாலர் 1888 முதல் 1891 வரை இங்கே இயக்குநராக இருந்தார். மேல்மாடி டிக்கெட் விலை குறைவு, ஆனால் படி ஏற வேண்டும், சில இருக்கைகளிலிருந்து பாதி மேடைதான் தெரியும். உன் அப்பா முழங்காலுக்குக் கீழ்த்தளமே எடு. குளிருக்குப் போடும் மேல்கோட்டுகளைக் காப்பறையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேடைக்கு மேல் பலகையில் பாட்டின் பொருள் ஆங்கிலத்திலும் ஓடும். இடைவேளையில் சிற்றுண்டி மேசையைச் சுற்றிப் பாடகியின் குரலை அலசுகிறார்கள். மார்கழியில் சபா கேன்டீனில் நிற்கிற மாதிரியே இருந்தது, கையில் கீரை வடைக்குப் பதில் ஒரு சின்ன ரொட்டி, அவ்வளவுதான்.

ஆபரா மூன்று மணி நேரம் அம்மாவுக்குப் பழகாது என்று தோன்றினால், பியானோ மேதை லிஸ்ட் பெயரில் உள்ள இசைக் கழகம். 1875-ல் தொடங்கியது, இப்போதைய கட்டடம் 1907. இசையமைப்பாளர்கள் பார்டோக்கும் கோடாயும் பாடம் நடத்திய இடம். பெரிய அரங்கின் கூரை, சுவர், பளபளக்கும் பச்சை ஓடு எல்லாவற்றையும் நிமிர்ந்து பார்த்தே கழுத்து வலித்தது. மாணவர் கச்சேரிகளுக்குக் கட்டணம் சொற்பம். லிஸ்ட் குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம், ஆபரா இருக்கும் அந்த்ராஷி சாலையில் கொஞ்சம் தள்ளி. அங்கே சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சின்ன அறையில் பியானோ கச்சேரி வைப்பார்கள். அம்மாவுக்கு நான் சொல்வது இதைத்தான். வாசிப்பவர் கை விரல் தெரியும் தூரத்தில் உட்காரலாம்.

வழிப்போக்கன்

சரி, கச்சேரிக்கு ஒரு மாலை ஒத்துக்கொள்கிறேன். சாப்பாடு? முட்டைகூடச் சாப்பிடாத சைவம் அந்த ஊரில் என்ன சாப்பிடும்? சூப் என்றால் மாட்டு எலும்பு, பொரியல் என்றால் பன்றிக் கொழுப்பு. மூன்று வேளையும் பீட்சாதான். அப்புறம் பில்லில் அவர்களாகவே பத்துப் பன்னிரண்டு சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்துவிட்டு, மேலே டிப்ஸ் எவ்வளவு என்று வேறு கேட்பார்கள்.

பெஸ்ட் மாணவி

சேவைக் கட்டணம் உண்மை. பில்லில் 'செர்வீஸ்தீய்' என்று இருந்தால் தனியாக டிப்ஸ் வேண்டாம். இங்கே யூரோ இல்லை, ஃபோரின்ட். அட்டை இயந்திரம் யூரோவா ஃபோரின்ட்டா என்று கேட்டால் ஃபோரின்ட்டையே தட்டுங்கள், இல்லையென்றால் மாற்று விகிதத்தில் கை கடிக்கும். சுற்றுலாத் தெருக்களில் நிற்கும் தனியார் ஏடிஎம் பக்கமே போகாதீர்கள், வங்கிக்குள் இருக்கும் ஏடிஎம் போதும்.

சாப்பாட்டை இவ்வளவு மோசமாகச் சொல்ல வேண்டாம் சார். நம் கூட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரி ஒன்று இங்கே உண்டு, 'ஃபோசெலேக்'. பூசணி, பட்டாணி, கீரை, பருப்பு ஏதாவது ஒன்றை வேகவைத்து, மாவும் புளிப்பு கிரீமும் சேர்த்துக் கெட்டியாக்குவது. உள்ளூர்க்காரர்கள் மதியம் சாப்பிடும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் கிடைக்கும். மேலே முட்டையோ கறி உருண்டையோ வைப்பார்கள், அது வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். தாளிப்பு எண்ணெயிலா கொழுப்பிலா என்று கேளுங்கள். கொழுப்புக்கு இங்கே 'ஸீர்' என்பார்கள், அந்த ஒரு சொல்லும் கையாட்டலும் போதும். லாங்கோஷ் என்பது எண்ணெயில் பொரித்த பெரிய ரொட்டி, மேலே பூண்டுத் தண்ணீர் தடவி, புளிப்பு கிரீமும் துருவிய சீஸும் போடுவார்கள். சூடாகத் தின்றால் ஒன்று இருவருக்குப் போதும்.

ஆனாலும் சமையலறை உள்ள வீடாக எடுங்கள் அண்ணா. 1897-ல் திறந்த பெரிய சந்தையில் செப்டம்பரில் திராட்சை, வால்நட், பல நிறத்தில் மிளகாய் வரும். மேல்மாடி சாப்பாடு சுற்றுலா விலை, கீழ்த்தளத்தில் வாங்குங்கள். மிளகாய்த் தூளில் 'ஏதெஷ்' என்றால் காரமில்லாதது. அம்மாவுக்கு 'எரோஷ் பிஷ்டா' என்ற மிளகாய் விழுது பாட்டில் ஒன்று வாங்கிக்கொடுங்கள். தயிர் சாதத்துக்கு அப்படியே பொருந்தும், நான் விடுதியில் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

ஸ்டுட்கார்ட் சிவா

ஏழாம் வட்டாரத்தைப் பற்றி ஒரு சொல். வழிப்போக்கன் குடிகாரத் தெரு என்று ஒதுக்கிவிட்டார். அது யூதர் பகுதி. 1944 கடைசியில் சுவர் எழுப்பி மக்களை அடைத்து வைத்த கெட்டோ அங்கேதான் இருந்தது. போருக்குப் பிறகு இடிந்தும் பாழடைந்தும் கிடந்த முற்றங்களில்தான் 2000-க்குப் பிறகு இந்த 'பாழ் மதுக்கூடங்கள்' வந்தன. கசின்சி வீதியில் இருக்கிற சிம்ப்லா கெர்ட் எல்லோரும் சொல்கிற இடம். இரவில் நெருக்கடி, ஆனால் ஞாயிறு காலையில் அதே முற்றத்தில் விவசாயிகள் சந்தை நடக்கும். வெண்ணெய், தேன், பழப்பாகு விற்பார்கள். அப்பா அம்மாவை அந்த நேரம் கூட்டிப் போங்கோ, குளிக்கும் தொட்டியை வெட்டிச் செய்த இருக்கையில் இருந்து கோப்பி குடிக்கலாம்.

பக்கத்தில் டோஹானி யூத ஆலயம், 1859. ஐரோப்பாவிலேயே பெரியது. சனிக்கிழமை பூட்டு. செப்டம்பர் கடைசியில் யூதப் புத்தாண்டு விடுமுறைகளும் வரக்கூடும், பார்த்துவிட்டுப் போங்கோ. நாடாளுமன்றத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஆற்றங்கரையில் அறுபது சோடி இரும்புச் சப்பாத்துகள் வரிசையாக இருக்கு, 2005-ல் வைத்தார்கள். ஹங்கேரிய நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சிக்காரர் யூத மக்களைக் கரையில் நிறுத்தி, சப்பாத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு ஆற்றுக்குள் சுட்டு வீழ்த்தினார்கள். சப்பாத்துக்கு அப்போது விலை இருந்தது. அங்கே நின்று சிரித்துக்கொண்டு படம் எடுக்கிற ஆட்களைக் கண்டால் எனக்குச் சரியான கோபம் வரும்.

மயிலை ரசிகை

ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1913-ல் பிறந்தது இந்த ஊரில்தான். அம்மா ஹங்கேரிக்காரர், பாடகி. எட்டு வயது வரை ஹங்கேரியில் வளர்ந்து பிறகு சிம்லாவுக்கு வந்தார். 1937-ல் அவர் தீட்டிய தென்னிந்தியக் கிராமத்து ஆட்களின் படம் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த்ராஷி சாலைக் கடைசியில் ஆசியக் கலைக்கான ஹோப் அருங்காட்சியகம் இருக்கிறது, இந்தியச் சிற்பமும் துணியும் வைத்திருக்கிறார்கள். கூட்டமே இராது. ஒரு மணி நேரம் போதும்.

தில்லைநகர் தியாகு

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் இந்த இழையை அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. இப்போதைக்கு என் திட்டம்:

வெள்ளி சாயங்காலம் கெலேட்டி ரயில் நிலையத்தில் இறங்கி, உய்லிபோத்வாரோஷில் சமையலறையோடு வீடு. சனி காலை லிஸ்ட் வீட்டில் கச்சேரி, மாலை தீவு. ஞாயிறு காலை சிம்ப்லா சந்தை, பிறகு 2-ஆம் டிராம், ஆற்றங்கரை. திங்கள் காலை மலைக்காட்டில் ஓடும் சிறுவர் ரயில், மாலை ஆபரா இருந்தால் ஆபரா. செவ்வாய் அப்பாவும் நானும் லூகாச், அம்மாவும் என் மனைவியும் ருதாஷ். புதன் காலை நாடாளுமன்றம் பார்த்துவிட்டு மதியம் ரயில். அப்பாவுக்கு 65 தாண்டிவிட்டது, அதனால் டிராம், மெட்ரோ இலவசம் என்று எங்கோ படித்தேன்.

வழிப்போக்கன்

நான்கு நாள் அதிகம் என்று நான் சொல்ல, நீங்கள் ஐந்தாம் நாளையும் தொட்டுவிட்டீர்கள். வாழ்க. கெலேட்டி வாசலில் "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுபவர்களிடம் ஏறாதீர்கள், செயலியில் கூப்பிடுங்கள். கட்டணம் நகராட்சி நிர்ணயித்ததுதான். நாடாளுமன்றத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போனால் வாசலைத்தான் பார்ப்பீர்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஐரோப்பியர்களைவிட இரண்டு மடங்கு கட்டணம், அதற்கும் தயாராக இருங்கள். உள்ளே வைத்திருக்கும் ஹங்கேரி மன்னர்களின் கிரீடத்தின் உச்சியில் சிலுவை சாய்ந்திருக்கும், அப்பாவுக்குக் காட்டுங்கள். நாடாளுமன்றக் கோபுரம் 96 மீட்டர், பசிலிக்காவும் அதே 96. ஹங்கேரியர்களின் மூதாதையரான மகியார்கள் இந்தச் சமவெளிக்கு வந்த 896-ஆம் ஆண்டைக் குறித்து அப்படிக் கட்டினார்களாம்.

பெஸ்ட் மாணவி

திட்டம் நன்றாக இருக்கிறது அண்ணா, இரண்டே திருத்தம்.

சிறுவர் ரயில் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை திங்கள் ஓடாது, பிள்ளைகளுக்கும் ஓய்வு வேண்டாமா. பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள்தான் சீருடை போட்டு டிக்கெட் கொடுத்து, கொடி காட்டி, ரயில் கிளம்பும்போது விறைப்பாக வணக்கம் வைப்பார்கள். எஞ்சின் ஓட்டுபவர் மட்டும் பெரியவர். ஞாயிறு மதியம் போங்கள், சேல் கால்மான் சதுக்கத்திலிருந்து 61-ஆம் டிராமின் கடைசி நிறுத்தத்தில் தொடங்குகிறது. ஆற்றங்கரையைத் திங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

65 வயதுக்கு மேல் இலவசம் என்பது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. அப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு என்றால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். சிவா அண்ணா சொன்ன குழு டிக்கெட்டையே வாங்குங்கள், ஆனால் அது நால்வரும் ஒன்றாகப் போகும்போது மட்டும்தான் செல்லும். செவ்வாய் நீங்கள் ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் பிரிந்து போகிறீர்களே, அன்றைக்குத் தனித்தனி டிக்கெட்.